ஆர்ட் ஷோ ஓப்பனிங்குக்கு முதல் தடவ போறீங்களா? சிங்கப்பூர்ல எங்க போறது, எப்படி பாக்கறது, யார்கிட்ட பேசறது

கண்டெம்பரரி ஆர்ட், அதாவது நம்ம காலத்து ஆர்ட்டிஸ்ட்ங்க செய்ற படைப்பு, அதோட கண்காட்சி ஓப்பனிங்னா அது பணக்காரங்களும் ஆர்ட் காலேஜ் படிச்சவங்களும் மட்டும் போற இடம்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்லங்க. சிங்கப்பூர்ல பெரும்பாலான ஓப்பனிங் எல்லாருக்கும் திறந்தது, காசு கிடையாது, வாசல்ல யாரும் நிறுத்தி நீங்க யாரு எங்க வேலை செய்றீங்கன்னு கேக்க மாட்டாங்க. அதவிட பெரிய விஷயம், அந்த படைப்ப செஞ்ச ஆர்ட்டிஸ்ட் அன்னிக்கு சாயந்திரம் அங்கயே நிப்பாங்க. அடுத்த நாள் போனா படைப்பு இருக்கும், ஆள் இருக்க மாட்டாங்க. அதனால தான் ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் நான் முதல்ல ஓப்பனிங்குக்கு போங்கன்னு சொல்றேன், தெரிஞ்சுகிட்டு அப்புறம் போலாம்னு காத்திருந்தா அந்த நாள் வரவே வராது.

முதல்ல, எங்க என்ன நடக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது

இன்ஸ்டாகிராம் தான் சுலபமான வழி. நாலஞ்சு இடத்தோட பக்கத்த ஃபாலோ பண்ணி வெச்சா போதும், ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு தானா பழகிடும். ஓப்பனிங் பொதுவா வேலை நாள் சாயந்திரம் ஆறரை ஏழு மணி வாக்குல வெப்பாங்க, சில இடத்துல சனிக்கிழமை மத்தியானம். ஆர்எஸ்விபின்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, எத்தன பேருக்கு சாப்பாடு சொல்லணும்னு கணக்கு பாக்கறதுக்கு தான் அது, ஒரு ஃபார்ம்ல பேரும் இமெயிலும் போட்டா முடிஞ்சுது. அழைப்பிதழ் உள்ளவங்களுக்கு மட்டும்னு தெளிவா எழுதியிருந்தா மட்டும் விட்டுடுங்க, அது அன்னிக்கு மட்டும் தான், மறுநாள்ல இருந்து எல்லாரும் போலாம்.

வருஷத்துல எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டா ஜனவரி. 2013ல இருந்து ஒவ்வொரு ஜனவரியும் சிங்கப்பூர் ஆர்ட் வீக் நடக்குது, பெரும்பாலும் பொங்கல ஒட்டி வந்துடும், அந்த சமயத்துல ஒரே சாயந்திரத்துல ரெண்டு மூணு இடத்துல ஓப்பனிங் இருக்கும். கூட்டம் அதிகம், ஆனா புதுசா வர்றவங்களும் அதிகம், அதனால நீங்க தனியா தெரிய மாட்டீங்க.

எந்த இடத்துல ஆரம்பிக்கறது

நான் சொல்றது லசால் கலைக் கல்லூரி. மெக்னேலி ஸ்ட்ரீட்ல இருக்கு, ரோச்சோர் எம்ஆர்டில இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா வந்துடும், தேக்காவுல இருந்தும் நடந்தே வரலாம். இந்த காலேஜ 1984ல பிரதர் ஜோசப் மெக்னேலிங்கிற கத்தோலிக்க துறவற சகோதரர் ஆரம்பிச்சாரு, அவரே ஒரு சிற்பி. உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் கண்டெம்பரரி ஆர்ட்ஸ்னு கேலரிகள் இருக்கு, அனுமதி இலவசம். படிப்பு முடிக்கிற பசங்களோட ஷோ வருஷா வருஷம் வைப்பாங்க, முதல் ஓப்பனிங்குக்கு அதுக்கு மேல நல்ல இடம் இல்ல, ஏன்னா அங்க வர்றவங்கள்ல பாதி பேரு அந்த பசங்களோட அப்பா அம்மா பாட்டி சித்தப்பா தான், எல்லாருமே உங்கள மாதிரியே புதுசா பாக்கறவங்க. இருபத்திரெண்டு வயசு பையன் தன்னோட படைப்பு பக்கத்துல நின்னுகிட்டு யாராவது வந்து கேப்பாங்களான்னு பாத்துட்டு இருப்பான், நீங்க போய் கேட்டா அவனுக்கு அன்னிக்கு முழுக்க சந்தோஷம்.

அங்க இருந்து பக்கத்துலயே மிடில் ரோட்ல அப்ஜெக்டிஃப்ஸ் இருக்கு, போட்டோவும் திரைப்படமும் மட்டும், பழைய சர்ச் கட்டடம், சின்ன இடம். இன்ஸ்டலேஷன்லாம், அதாவது ஒரு இடத்துல பொருள்கள அமைச்சு வெக்கற படைப்பெல்லாம், புரியாதுன்னு தயங்கறவங்களுக்கு போட்டோல இருந்து ஆரம்பிக்கறது நல்லது. எஸ்பிளனேட்ல ஜெண்டேலான்னு ஒரு கேலரி ரெண்டாவது மாடில இருக்கு, கச்சேரிக்கு போற நம்ம ஆளுங்க அத தாண்டி தான் நடந்து போறாங்க, உள்ள எட்டிப்பாக்கறது இல்ல. அடுத்த தடவ கலா உத்சவத்துக்கு போறப்ப அரை மணி நேரம் முன்னாடி போங்க. ராபர்ட்சன் கீல எஸ்டிபிஐன்னு ஒரு கேலரி இருக்கு, 2002ல தொடங்குனது, பிரிண்ட்டும் பேப்பரும் தான் அவங்க ஸ்பெஷல். அலிவால், குட்மேன் ஆர்ட்ஸ் சென்டர் ரெண்டும் பழைய பள்ளிக்கூட கட்டடம், அங்க ஆர்ட்டிஸ்ட்ங்க வேலை செய்ற ஸ்டூடியோவே இருக்கு.

கில்மன் பேரக்ஸ் கொஞ்சம் தூரம். 1936ல பிரிட்டிஷ்காரன் பட்டாளத்துக்கு கட்டுன இடம், 2012ல கேலரிகளா மாத்துனாங்க. லாப்ரடோர் பார்க் எம்ஆர்டில இருந்து பத்து நிமிஷ நடை, சுத்தி மரம், மேடு பள்ளம், தனித்தனி கட்டடம், அதனால குடையும் நல்ல செருப்பும் அவசியம், கொசு மருந்து தடவிக்கிட்டு போனா இன்னும் நல்லது. முன்ன இருந்த கேலரி எல்லாமே இப்ப இல்ல, யார் இருக்காங்கன்னு பாத்துட்டு கெளம்புங்க. சிங்கப்பூர் ஆர்ட் மியூசியம் 2022ல இருந்து தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்ல இருக்கு, அது நிஜமாவே ஒரு கிடங்கு, லாரி வரும் போகும், கன்டெய்னர் நிக்கும், முதல் தடவ போறவங்க தப்பான இடத்துக்கு வந்துட்டோமோன்னு திரும்பி போயிடறாங்க. திரும்பாதீங்க, அது தான் இடம். கேலரி உள்ள நுழைஞ்சா கூரை அவ்ளோ உயரம், அந்த மாதிரி பெரிய படைப்ப வெக்க சிங்கப்பூர்ல வேற இடம் அதிகம் இல்ல.

இந்த இடமெல்லாம் எப்பவும் இருக்கும்னு நெனச்சு தள்ளிப்போடாதீங்கன்னும் சொல்லணும். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல சப்ஸ்டேஷன்னு ஒரு கலை மையம் இருந்துச்சு, 1990ல நாடகக் கலைஞர் குவோ பாவ் குன் ஆரம்பிச்சது, எத்தனையோ கலைஞர்கள் முதல் ஷோ வெச்சது அங்க தான். 2021ல அந்த கட்டடத்த விட்டுப் போயாச்சு. கில்மன்ல என்டியூ நடத்துன கண்காட்சி இடமும் அதே வருஷம் மூடிட்டாங்க. அங்க போகணும் போகணும்னு சொல்லிட்டே போகாம இருந்தவங்கள எனக்கு தெரியும்.

போறதுக்கு முன்னாடி

பெருசா ஒண்ணும் தயார் பண்ண வேண்டாம். ஆர்ட்டிஸ்ட் பேர ஒரு தடவ தேடிப் பாருங்க, முன்னாடி என்ன மாதிரி செஞ்சிருக்காங்கன்னு ரெண்டு மூணு படம் பாத்தா போதும். விமர்சனம் கட்டுரைன்னு எல்லாத்தையும் படிச்சிட்டு போனா கண்ணு சொந்தமா பாக்காது, படிச்சதையே அங்க தேடிட்டு இருக்கும்.

துணி என்ன வேணா போடுங்க. ஆபிஸ் துணியோட வர்றவங்க பாதி பேரு, டிஷர்ட்டும் ஜீன்ஸும் பாதி. புடவை கட்டிட்டு வந்தா ரொம்ப அழகா இருக்கும், ஆனா தரைல கயிறு, மண்ணு, ஒயர்னு வெச்சிருக்கற ஷோவா இருந்தா முந்தானைய பாத்துக்கோங்க. முதுகுல மாட்டற பெரிய பேக் வேண்டவே வேண்டாம், திரும்பறப்ப எதையாவது தட்டிடும். இருந்தா முன்னாடி மாட்டிக்கோங்க இல்ல கவுன்ட்டர்ல வெச்சுக்க முடியுமான்னு கேளுங்க. தண்ணி பாட்டில் மூடி டைட்டா இருக்கட்டும், சில இடத்துல உள்ள எடுத்துட்டு போகவே விட மாட்டாங்க.

சாப்பாட்ட நம்பி போகாதீங்க. பீஹூன், கறி பஃப், சின்ன சின்ன சாண்ட்விச்னு கேட்டரிங் இருக்கலாம், வெறும் சிப்ஸும் ஒயினும் மட்டுமா கூட இருக்கலாம். சைவம் சாப்பிடறவங்க முன்னாடியே ஒரு வடையும் தேத்தண்ணியும் முடிச்சிட்டு போங்க. குடிக்கறது கட்டாயம் இல்ல, தண்ணியோ ஜூஸோ கேட்டா குடுப்பாங்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க. கையில டம்ளர வெச்சுகிட்டு கேலரி உள்ள போகாதீங்க, அது மட்டும் தான் கண்டிப்பான விஷயம்.

வாசல்ல

அங்க ஒரு மேசை இருக்கும், பேர் எழுத சொன்னா எழுதுங்க. அந்த மேசைல கண்காட்சி பத்துன ஒரு பேப்பரோ சின்ன புக்கோ இருக்கும், அத உடனே எடுத்துக்கோங்க, ஏழரை மணிக்கு மேல தீந்துடும். எந்த படைப்பு எந்த ரூம்ல இருக்குன்னு அதுல தான் வரைஞ்சிருப்பாங்க. இங்கிலீஷ்ல தான் இருக்கும், அதுவும் சில சமயம் கஷ்டமான இங்கிலீஷ், அது புரியலன்னா உங்ககிட்ட குறை இல்ல. ரெண்டு வரி படிச்சு ஓடலன்னா மடிச்சு பையில வெச்சிட்டு நேரா படைப்பு முன்னாடி போய் நில்லுங்க.

நேரம் பத்தி ஒண்ணு. ஏழு மணின்னு போட்டா ஏழுக்கே போங்க, முடிஞ்சா அஞ்சு நிமிஷம் முன்னாடி. அந்த முதல் அரை மணி நேரம் தான் ரூம் காலியா இருக்கும், சுத்தி வந்து எல்லாத்தையும் ஒரு பார்வை பாத்துடலாம். அதுக்கப்புறம் பேச்சு. அந்த இடத்த நடத்தறவங்கள்ல ஒருத்தர் வரவேற்பாங்க, கியூரேட்டர் பேசுவாங்க, கியூரேட்டர்னா எந்த படைப்ப எங்க வெக்கணும், எதுக்கு பக்கத்துல எது வரணும்னு முடிவு பண்ணி ஷோவ கட்டி எழுப்பறவங்க. அப்புறம் ஆர்ட்டிஸ்ட் ரெண்டு வார்த்தை, பெரும்பாலும் நன்றி தான். அந்த நன்றிய கவனிச்சு கேளுங்க, அதுல தான் மரம் அறுத்தவரு, ஒயர் இழுத்தவரு, ராத்திரி முழுக்க சுவருக்கு பெயின்ட் அடிச்சவருன்னு ஒரு ஷோவுக்கு பின்னாடி எத்தன கை இருக்குன்னு தெரிய வரும்.

எப்படி பாக்கறது

இங்க தான் எல்லாரும் மெரள்றாங்க, அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மொதல்ல ஒரு விஷயம், கண்டெம்பரரி ஆர்ட்ட நீங்க ஏற்கனவே பாத்திருக்கீங்க. நேஷனல் மியூசியம் பக்கத்துல பெரிய செவப்பு மொளகாய் ஒண்ணு இருக்கே, அயன் ஆர்ச்சர்ட் வாசல்ல ஜாதிக்காயும் ஜாதிபத்ரியும் நிக்குதே, ரெண்டும் குமாரி நாகப்பன் செஞ்சது. அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தவங்க யாரும் எனக்கு ஆர்ட் புரியாதுன்னு சொல்லல, மொளகாய் நம்ம வீட்டு பொருள்னு மனசுக்கு உடனே பட்டுச்சு. கேலரி உள்ளயும் அப்படியே ஆரம்பிங்க. உங்களுக்கு தெரிஞ்ச பொருள் எதாவது இருக்கா, அது எதனால செஞ்சது, எவ்ளோ பெருசு, இவ்ளோ பெருசா ஏன் செஞ்சாங்க, இந்த மூலையில ஏன் வெச்சாங்க. அர்த்தம் என்னன்னு கடைசியா யோசிக்கலாம்.

ஒரு படைப்பு முன்னாடி ரெண்டு நிமிஷமாவது நில்லுங்க. கேக்கறதுக்கு சின்னதா இருக்கும், ஆனா நிக்கறப்ப ரொம்ப நீளமா தெரியும், பெரும்பாலானவங்க பத்து செகண்ட்ல நகந்துடறாங்க. கிட்ட போய் பாருங்க, அப்புறம் பத்தடி பின்னாடி வாங்க, பக்கவாட்டுல போய் பாருங்க. அதுக்கப்புறம் சுவர்ல இருக்கற சின்ன லேபிள படிங்க. அதுல ஆர்ட்டிஸ்ட் பேரு, பொறந்த வருஷம், தலைப்பு, செஞ்ச வருஷம், எதனால செஞ்சது, அளவு எல்லாம் இருக்கும். எதனால செஞ்சதுங்கிற வரிய விடாதீங்க, பெயின்ட்னு நெனச்சது மஞ்சத்தூளா இருக்கும், கல்லுன்னு நெனச்சது சோப்பா இருக்கும், அது தெரிஞ்சதும் படைப்பே வேற மாதிரி ஆயிடும்.

வீடியோ இருந்தா லேபிள்ல எத்தன நிமிஷம்னு போட்டிருப்பாங்க. ஆறு நிமிஷம்னா நின்னு முழுசா பாருங்க, நாப்பது நிமிஷம்னா ஓப்பனிங் அன்னிக்கு கொஞ்சம் மட்டும் பாத்துட்டு இன்னொரு நாள் வந்து உக்காந்து பாருங்க. சுத்திச் சுத்தி ஓடிட்டே இருக்கும், அதனால நடுவுல நுழைஞ்சா தப்பு இல்ல.

தொடலாமா? பொதுவா கூடாது. ஆனா தொடறதுக்குன்னே செஞ்ச படைப்பும் இருக்கு. மறைஞ்ச சிங்கப்பூர் ஆர்ட்டிஸ்ட் லீ வென் செஞ்ச ஒரு பிங் பாங் மேசை நடுவுல ஓட்டை போட்ட வட்டமா இருக்கும், நடுவுல ஆளு நிக்கலாம், சுத்தியும் ஆளு நின்னு விளையாடலாம். விளையாடாம பாத்துட்டு மட்டும் போனா பாதி தான் பாத்த மாதிரி. அமாண்டா ஹெங்னு இன்னொரு ஆர்ட்டிஸ்ட், வந்தவங்கள எல்லாம் மேசைய சுத்தி உக்கார வெச்சு தவுகே (முளைப்பயறு) வால் கிள்ள விட்டு கூட பேசிட்டே இருப்பாங்க, அது தான் படைப்பு. சந்தேகமா இருந்தா அங்க நிக்கற கேலரி சிட்டர்கிட்ட கேளுங்க, அவங்க வேலையே அது தான், அநேகமா ஆர்ட் படிக்கற பசங்க, கேட்டா ஆசையா சொல்லுவாங்க.

ஓப்பனிங் அன்னிக்கு பெர்ஃபார்மன்ஸ், அதாவது ஆர்ட்டிஸ்டே எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டற படைப்பு, இருந்தா கொஞ்சம் தள்ளி நின்னு அமைதியா பாருங்க, போன் கீழ இருக்கட்டும். இது சும்மா வேடிக்கை கிடையாது. இந்த ஊர்ல 1994ல இருந்து 2003 வரைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டுக்கு அரசாங்க நிதி நிறுத்தி வெச்சிருந்தாங்க, அப்பவும் விடாம செஞ்சவங்களால தான் இன்னிக்கு நாம இத நின்னு பாக்கறோம்.

நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க

இது எனக்கு ரொம்ப முக்கியம். 1988ல எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சலே ஜாப்பார் மூணு பேரும் சேந்து கதே இன்ஸ்டிடியூட்ல திரிமூர்த்தின்னு ஒரு ஷோ வெச்சாங்க. சிங்கப்பூர் கலை வரலாறுன்னு எடுத்தா அத சொல்லாம போக முடியாது, ஆனா நம்ம வீடுகள்ல அந்த பேர கேட்டவங்க எத்தன பேர்? 2017ல பிரியகீதா தியான்னு ஒரு இளம் ஆர்ட்டிஸ்ட் ஜாலான் ராஜாவுல தான் குடியிருந்த வீவக புளோக்ல படிக்கட்டு மேல தங்கக் கலர் தகடு ஒட்டுனாங்க, அனுமதி வாங்காம செஞ்சதுன்னு நகர மன்றம் சொல்லுச்சு, ஊரே அத பத்தி பேசுச்சு. அதுக்கப்புறம் அவங்க மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்த தமிழ் கூலிகளோட கதைய கம்ப்யூட்டர்ல உருவாக்குன வீடியோவா செஞ்சிருக்காங்க. நம்ம தாத்தா பாட்டி கதை அந்த இருட்டு ரூம்ல பெரிய திரைல ஓடுது, எதிர்ல உக்காந்து பாக்கறவங்கள்ல நம்ம முகம் ரொம்ப கம்மி. பால்மரம் வெட்டுன கை எப்படி இருக்கும்னு அங்க இருக்கறவங்கள்ல யாருக்கு தெரியும், நம்ம பாட்டிக்கு தெரியும். அந்த பாட்டிய கூட்டிட்டு போங்க. வீல்சேர்னா முன்னாடியே போன் பண்ணி லிஃப்ட் எந்தப் பக்கம்னு கேட்டுக்கோங்க.

ஆர்ட்டிஸ்ட்கிட்ட எப்படி பேசறது

கல்யாண ரிசப்ஷன்ல மாப்பிள்ளை பொண்ணு மாதிரி தான் அன்னிக்கு அவங்க, எல்லாரும் சுத்தி நிப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு நிமிஷம். பேச்சு முடிஞ்ச உடனே போகாதீங்க, எட்டு மணிக்கு மேல கூட்டம் கொறையும், அப்ப போங்க. போன உடனே இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா அவங்களும் சுவர்ல இருக்கறதயே திருப்பி சொல்லுவாங்க. அதுக்கு பதிலா கை வேலைய பத்தி கேளுங்க. “இத எங்க வெச்சு செஞ்சீங்க? எவ்ளோ நாள் ஆச்சு?” “இந்த துணி எங்க கெடச்சுது?” “முதல்ல நெனச்சது இதே தானா, நடுவுல மாறுச்சா?” இப்படி கேட்டா முகம் மலந்து பேச ஆரம்பிப்பாங்க. உங்களுக்கு என்ன தோணுச்சோ அதயும் தயங்காம சொல்லுங்க, இத பாத்தா எங்க அம்மா அரிசி பொடைக்கறது ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னா எந்த ஆர்ட்டிஸ்டும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அந்த மாதிரி ஒரு வார்த்தை அவங்களுக்கு அன்னிக்கு வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. தமிழ் ஆர்ட்டிஸ்ட்னா தமிழ்லயே ஆரம்பிங்க. வயசு கம்மியா இருந்தாலும் முதல் தடவ நீங்கன்னே பேசுங்க, தம்பி தங்கச்சி எல்லாம் பழகுனதுக்கு அப்புறம்.

வெல கேக்கலாமா? ஆர்ட் சென்டர்லயும் மியூசியத்துலயும் விக்கறதுக்கு வெக்கறது இல்ல, அங்க கேக்காதீங்க. விக்கற கேலரில தாராளமா கேக்கலாம், பிரைஸ் லிஸ்ட் கவுன்ட்டர்ல இருக்கும். லேபிள் பக்கத்துல சின்ன செவப்பு ஸ்டிக்கர் இருந்தா அது வித்தாச்சு.

இன்னும் கொஞ்சம் நடைமுறை விஷயம்

கொழந்தைங்கள கூட்டிட்டு போலாம், ஆனா வாசல்ல முதிர்ச்சியான உள்ளடக்கம்னு எச்சரிக்கை போட்டிருக்கான்னு பாருங்க, சில ஷோவுக்கு வயசு வரம்பும் உண்டு. போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம், வேண்டாம்னு போட்டிருந்தா வேண்டவே வேண்டாம். போட்டோவ போடறப்ப ஆர்ட்டிஸ்ட் பேரையும் படைப்போட தலைப்பையும் சேத்து போடுங்க.

ஒர்க் பர்மிட், எஸ் பாஸ்ல இருக்கறவங்க நமக்கு இதெல்லாம் கெடயாதுன்னு ஒதுங்காதீங்க. பொது ஓப்பனிங்ல கார்டு எதுவும் கேக்க மாட்டாங்க, லசால், அப்ஜெக்டிஃப்ஸ், எஸ்டிபிஐ, ஜெண்டேலா எல்லாம் சாதாரண நாள்லயும் எல்லாருக்கும் இலவசம். தேசிய மியூசியங்கள்ல சிட்டிசனுக்கும் பிஆருக்கும் 2013ல இருந்து பொது அனுமதி இலவசம், மத்தவங்களுக்கு டிக்கெட் இருக்கலாம், வெப்சைட்ல பாத்துக்கோங்க. 2025ல 18 வயசோ அதுக்கு மேலயோ ஆன சிட்டிசன்ங்க, கலை நிகழ்ச்சிகளுக்குன்னு அரசாங்கம் குடுத்த எஸ்ஜி கல்ச்சர் பாஸ்ல 100 வெள்ளி இருக்கறத மறந்துடாதீங்க, அது 2028 டிசம்பர் 31 வரைக்கும் தான் செல்லும்.

ஓப்பனிங் முடிஞ்சதும்

ஓப்பனிங் அன்னிக்கு ஆளுங்கள பாக்கலாம், படைப்ப முழுசா பாக்க முடியாது, அவ்ளோ சத்தம். ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு வேலை நாள் மத்தியானம் திரும்ப போங்க, ரூம் காலியா இருக்கும், வீடியோவ உக்காந்து பாக்கலாம். நிறைய கேலரி திங்கக்கிழமை மூடியிருக்கும், பாத்துட்டு கெளம்புங்க. கியூரேட்டர் டூர், ஆர்ட்டிஸ்ட் டாக்னு நடுவுல ஒரு சனிக்கிழமை வெப்பாங்க, அதுக்கும் பேர் குடுத்து வெச்சுக்கோங்க, ஓப்பனிங்ல கேக்க முடியாத கேள்வி எல்லாம் அங்க கேக்கலாம். கண்காட்சி முடியற தேதிய அன்னிக்கே போன் காலண்டர்ல போட்டுடுங்க, கடைசி சனி ஞாயிறுக்குன்னு வெக்காதீங்க, ஏன்னா எல்லாருமே அன்னிக்கு தான் வருவாங்க.